போட்டியாளனின் சாட்சியம்

1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19ஆம் திகதி, விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகளாகியிருந்த மொறோக்கோ நாட்டின் கசபிளாங்கா நகரிலே, அவ்வாண்டிற்குரிய உலக மோட்டார்ப் பந்தயத் தொடரின் இறுதிப் போட்டி நடைபெற்றது. அப்போட்டியில் முதலாவதாக வந்தவர் ஸ்ரேர்லிங் மொஸ். உலக வாகையர் பட்டமோ இரண்டாவதாக வந்த மைக் ஹோதோர்னுக்குச் சென்றது. ஹோதோர்ன் பெற்ற புள்ளிகள் 42. மொஸ் பெற்றவை 41. இருவரும் ஆங்கிலேயர், இருவரும் முப்பது வயதை எட்டாதவர்கள். இவ்விருவருள் யார் பெரியவர் என்ற விவாதம் அன்றே தொடங்கியது. ஹோதோர்ன் மூன்று மாதங்களில் இறந்துபோனார். மொஸ் 2020ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், தமது 90ஆவது வயதிற் காலமானார். விவாதம் மட்டும் ஓய்ந்தபாடில்லை.

பெற்றோலும் பணமும் எரிகின்ற இப்பந்தயங்களைப்பற்றி நமக்கென்ன என்று நண்பர் சிலர் வினவக்கூடும். செல்வந்தரின் பொழுதுபோக்கு, கம்பனிகளின் விளம்பரக் களம் என்று அதனைத் தள்ளிவிடுதல் எளிது. தள்ளவேண்டியவை அங்கு நிறையவே உண்டு என்பதை யானும் மறுக்கவில்லை. ஆயினும் போட்டி என்பது பந்தயத் தளத்தோடு நின்றுவிடுவதொன்றன்று. பரீட்சை மண்டபத்திலும், உத்தியோகத்திற்கான நேர்முகத்திலும், கடைத்தெருவிலும் ஒருவனை இன்னொருவனோடு நிறுத்துப் பார்ப்பதே இச்சமுதாயத்தின் நாளாந்த அலுவலாக இருக்கின்றது. அவ்வாறாயின், போட்டியிடும் மனிதன் தன் எதிராளிக்கு எதனைக் கடமைப்பட்டிருக்கிறான்? உண்மை தனக்குத் தீமையும் எதிராளிக்கு நன்மையும் பயக்குமிடத்து அதனை எழுந்துநின்று சொல்வது கடமையா, பெருந்தன்மையா, அல்லது வெறும் பேதைமையா? இவ்வினாவை ஆராய்வதற்கு 1958ஆம் ஆண்டின் அந்த ஒற்றைப் புள்ளியைப்போல் வாய்ப்பான உதாரணம் வேறு கிடைப்பது அரிது.

முதலிலே கணக்கை நோக்குவோம். அக்காலத்து விதிப்படி ஒரு போட்டியில் வென்றவருக்கு 8 புள்ளி. அடுத்து வரும் நால்வருக்கும் முறையே 6, 4, 3, 2 புள்ளிகள். போட்டியின் அதிவேகச் சுற்றை ஓடியவருக்கு மேலும் 1 புள்ளி. ஆண்டில் நடந்த 11 போட்டிகளுள் ஒருவரின் சிறந்த 6 பெறுபேறுகள் மட்டுமே கணக்கிற் சேரும். மொஸ் 4 போட்டிகளில் வென்றார். ஒன்றில் இரண்டாவதாக வந்தார். ஐந்திலே அவரது கார் பழுதுற்று நின்றது. ஹோதோர்ன் வென்றது ஒரேயொரு போட்டியை. ஆனால் 5 போட்டிகளில் அவர் இரண்டாமிடம் பெற்றார். 5 போட்டிகளில் அதிவேகச் சுற்றும் அவருடையதே.

இனி அளவுகோலைச் சற்று மாற்றிப் பார்ப்போம். அதிவேகச் சுற்றுக்குரிய புள்ளியை நீக்கிவிட்டால் இருவருக்கும் 38. அப்புள்ளி 1960ஆம் ஆண்டில் உண்மையாகவே நீக்கப்பட்டது. 1961இல் வெற்றிக்குரிய புள்ளி 9 ஆக உயர்த்தப்பட்டது. அதனை 1958இன் சிறந்த ஆறு பெறுபேறுகளுக்குப் பொருத்தினால் மொஸ் 42, ஹோதோர்ன் 39. 2010ஆம் ஆண்டிலிருந்து வழங்கும் முறைப்படி வெற்றிக்கு 25, இரண்டாமிடத்திற்கு 18, மூன்றாமிடத்திற்கு 15, ஐந்தாமிடத்திற்கு 10 என்று கொண்டு எல்லாப் போட்டிகளையும் கூட்டினால் ஹோதோர்ன் 140, மொஸ் 118. மனிதர் அதே மனிதர். ஓடிய ஓட்டமும் அதே ஓட்டம். விதியை எழுதிய பேனா எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் மகுடமும் சாய்கின்றது. வகுப்பிலே முதலாம் பிள்ளைக்கும் இரண்டாம் பிள்ளைக்குமிடையே அரைப் புள்ளி வித்தியாசத்தை எழுதிக் கையொப்பமிடும் ஆசிரிய நண்பர்கள், எந்த வினாவுக்கு எத்தனை புள்ளி என்று தீர்மானித்தவர் யார் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

அன்றியும் சாரதி தனித்து ஓடுபவனல்லன். மொஸ் அவ்வாண்டின் பெரும்பகுதியில் ஓட்டிய வான்வோல் கார், மேற்கு இலண்டனின் அக்டன் பகுதியிலே பெயாரிங் உற்பத்தி செய்து பொருளீட்டிய ரொனி வண்டர்வெல் என்னும் முதலாளியின் முயற்சியால் உருவானது. ஹோதோர்ன் ஓட்டியது இத்தாலிய பெராரி. அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட உற்பத்தியாளர் கிண்ணத்தை வான்வோல் 48 புள்ளிகளோடு வென்றது, பெராரிக்கு 40. ஆகவே வேகமான கார் மொஸ்ஸுடையது, உறுதியான கார் ஹோதோர்னுடையது என்று ஒருவாறு கூறலாம். ஐந்து முறை நின்றுபோன இயந்திரத்தின் குற்றத்தைச் சாரதியின் கணக்கில் எழுதுவதா? நின்றுபோகாத இயந்திரத்தின் பெருமையைச் சாரதியின் கணக்கில் எழுதுவதா? ஒப்பிடுவோர் தமக்கு வேண்டியவரைப் பொறுத்து ஒருமுறை அப்படியும் மறுமுறை இப்படியும் எழுதுகின்றனர்.

புள்ளிக்கணக்கு கைகொடாதபோது ஒழுக்கக் கணக்கு எடுக்கப்படுகின்றது. மொஸ்ஸின் ஆதரவாளர் 1955ஆம் ஆண்டு லெ மான் நகரிலே நடந்த கோரத்தை நினைவூட்டுவர். அவ்வாண்டு யூன் 11ஆம் திகதி, முன்னே சென்ற ஹோதோர்னின் ஜகுவார் கார் தரிப்பிடத்திற்குத் திரும்புவதற்காக வேகந்தணிய, அதன் பின்னே தொடர்ந்த விபத்தில் பார்வையாளர் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பந்தயம் நிறுத்தப்படவில்லை. ஹோதோர்ன் ஓடி வென்றார்; மொஸ் இடம்பெற்றிருந்த மேர்சிடிஸ் அணி நள்ளிரவு கடந்தபின் விலகிக்கொண்டது. இதிலிருந்து ஒருவரை நல்லவராகவும் மற்றவரைத் தீயவராகவும் ஆக்குவது நேர்மையாகாது. உத்தியோகபூர்வ விசாரணை எந்தச் சாரதிமீதும் குற்றஞ் சுமத்தவில்லை. விலகுவதென்பது மொஸ் எடுத்த முடிவன்று; நிறுவனம் எடுத்தது. பிணங்கள் கிடக்கப் பந்தயத்தைத் தொடர்ந்து நடத்தியவர்களை விட்டுவிட்டுச் சாரதிகளின் முகங்களிலே தர்மத்தையும் அதர்மத்தையும் தேடுவது, நம் கண்களைத் திசைதிருப்பும் பழைய வித்தையேயாகும்.

ஆனால் மொஸ் தாமே எடுத்த முடிவொன்று உண்டு. அதனை எந்த நிறுவனமும் கட்டளையிடவில்லை.

1958 ஓகஸ்ட் 24ஆம் திகதி. சலசாரின் சர்வாதிகாரத்தின் கீழிருந்த போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரம். கல்பதித்த தெருக்களும் திராம் வண்டித் தண்டவாளங்களும் குறுக்கிடும் பாதையிலே பந்தயம். மொஸ் ஐந்து நிமிடங்களுக்கு மேலான இடைவெளியில் வென்றார். இரண்டாமிடத்தில் வந்துகொண்டிருந்த ஹோதோர்னின் கார் கடைசிச் சுற்றிலே சுழன்று, பாதையைவிட்டு விலகி, இயந்திரம் அணைந்து நின்றுவிட்டது. அவர் இறங்கித் தனியாளாய்க் காரைத் தள்ளினார். வெற்றிக் கோட்டைத் தாண்டிவிட்டு மெதுவாக வந்துகொண்டிருந்த மொஸ் அதனைக் கண்டார். இறக்கமான பக்கமாகத் தள்ளும்படி கூறியவரும் அவரே. இயந்திரம் உயிர்பெற்றது, ஹோதோர்ன் இரண்டாமிடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஆயினும் பந்தயம் நடக்கும் திசைக்கு எதிராகக் காரைச் செலுத்தினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் நடுவர்கள் அவரைத் தகுதிநீக்கஞ் செய்தனர். இரண்டாமிடத்திற்குரிய 6 புள்ளிகளும் அதிவேகச் சுற்றுக்குரிய 1 புள்ளியும் பறிபோகும் நிலை. அப்போது நடுவர்களிடம் சென்று, ஹோதோர்ன் காரை எதிர்த்திசையிற் தள்ளியது பந்தயப் பாதையிலன்று, ஓரத்து நடைபாதையிலேயே என்று தாம் கண்டதைச் சாட்சி கூறியவர் மொஸ். நடுவர்கள் தம் தீர்ப்பை மாற்றினர். ஹோதோர்னுக்கு 7 புள்ளிகளும் மீண்டன.

அந்த ஏழும் இல்லாதிருந்தால் ஆண்டு முடிவில் ஹோதோர்னின் கணக்கு 39 ஆக இருந்திருக்கும். மொஸ்ஸின் கணக்கு 41. பட்டம் மொஸ்ஸுடையது.

இதே போட்டியில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஹோதோர்ன் அதிவேகச் சுற்றை ஓடிவிட்டார் என்பதைத் தெரிவிக்க மொஸ்ஸின் அணியினர் பலகையில் எழுதிக்காட்டிய சுருக்கத்தின் கடைசி எழுத்தை மொஸ் பிழையாக வாசித்தார்; ஹோதோர்ன் வழக்கம்போல் ஓடுகிறார் என்று பொருள்கொண்டு வாளாவிருந்துவிட்டார். எதிராளியைவிட வேகமாக ஒரு சுற்று ஓட அவருக்கு நேரமும் இருந்தது, காரும் இருந்தது. ஓடியிருந்தால் மொஸ் 42, ஹோதோர்ன் 41. ஓர் எழுத்து! பந்தய வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து, விதியின் விளையாட்டு என்று பெருமூச்செறிவர். இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது தவறென்பது என் கருத்து. எழுத்தைப் பிழையாக வாசித்தது தற்செயல். நடுவரிடம் சென்றது தற்செயலன்று.

சாட்சிக்காரன் காலில் விழுவதிலும் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று நம்மவர் சொல்வர். கச்சேரி வாசல்களிலே காலங்காலமாய் அலைந்த மக்களின் அனுபவம் அது. சாட்சிக்காரனுக்கு வழக்கில் நட்டமில்லை; ஆகவே அவன் சொல்லை விலைபேசலாம். சண்டைக்காரனிடமாவது நேரே பேசித் தீர்க்கலாம் என்பது அதன் உட்கிடை. போர்ட்டோவிலே சண்டைக்காரனே சாட்சிக்காரனாக வந்து நின்றான். அவன் காலில் எவரும் விழவில்லை, அவனை அழைத்தவருமில்லை. சாட்சியத்தின் விலை முழுவதையும் செலுத்தவேண்டியவன் சாட்சி சொன்னவனே. நீதிமன்ற நடைமுறை எதிலும் இதைவிட நம்பத்தக்க சாட்சியம் ஒன்றைக் கற்பனை செய்தல் கடினம்.

இச்செயலுக்குப் பிரித்தானியப் பத்திரிகைகள் சூட்டிய பெயர் கனவான் பண்பு என்பது. இடதுசாரி நண்பர் ஒருவர் இப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே முகஞ்சுளித்தால் அதிற் பிழையில்லை. மொஸ்ஸின் தந்தை பல் வைத்தியர். தாமே இந்தியானாபொலிஸ் வரை சென்று பந்தயம் ஓடியவர். ஹோதோர்னின் தந்தை மோட்டார்க் கராஜ் உரிமையாளர். இருவரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். தனியார் பாடசாலைகளிற் பயின்றவர்கள். அப்பாடசாலைகள் கற்பித்த கனவான் பண்பு தன் இனத்தானுக்கும் தன் வகுப்பானுக்கும் அப்பாற் சென்றதில்லை. மொஸ் சாட்சி சொன்ன அதே ஆண்டில், கென்யாவிலே அவசரகாலச் சட்டத்தின் கீழ்க் கிக்குயு மக்களை முட்கம்பி முகாம்களில் அடைத்துவைத்திருந்தவர்களும் அதே வகைப் பாடசாலைகளின் மாணவர்களே. எனவே கனவான் பண்பு என்ற சொல்லைக் கண்டு நாம் மயங்கவேண்டியதில்லை.

ஆனால் பெயர் தவறென்பதாற் பொருளும் இல்லையென்று ஆகிவிடுமா? ஒரு வகுப்பார் தமக்கு உரித்தென்று கூறிக்கொள்ளும் ஒரு நற்குணத்தை, அவர்கள் அவ்வாறு கூறிக்கொள்கிறார்கள் என்பதற்காகவே நாமும் அவர்களிடம் விட்டுக்கொடுத்தல் அறிவீனம். உண்மை பேசுதல் கனவான்களின் சொத்தன்று. தோட்டத் தொழிலாளி ஒருவன், தான் பறித்த கொழுந்தையும் பக்கத்து நிரைக்காரன் பறித்த கொழுந்தையும் கணக்கப்பிள்ளை மாற்றி எழுதிவிட்டான் என்று தனக்கு நட்டம் வரத்தக்கதாகவே சொன்னால், அதனைக் கனவான் பண்பென்று எந்தப் பத்திரிகையும் எழுதப்போவதில்லை. செயல் மட்டும் ஒன்றே.

இதைவிட வலுவான ஆட்சேபமொன்று உண்டு. மொஸ் இழந்தது தம் புள்ளியை மட்டுமா? வான்வோல் காரின் ஒவ்வோர் உறுப்பையும் கடைந்தும் பொருத்தியும் தந்தவர்கள் அக்டன் தொழிற்சாலைத் தொழிலாளர். தரிப்பிடத்திலே எண்ணெயும் வியர்வையுமாய் நின்றவர்கள் மெக்கானிக்குகள். பலரின் கூட்டுழைப்பால் வருவதொன்றை, பெயர் வாங்குகின்ற ஒருவன் தன் மனச்சாட்சியின் மகிழ்ச்சிக்காகத் தானஞ்செய்துவிடலாமா? பிறர் பொருளில் தர்மம் செய்வது தர்மமாகுமா?

இவ்வாட்சேபத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும், மொஸ் எதனையும் தானஞ்செய்தார் என்று கொள்வதிலேயே தவறு இருக்கின்றது. ஹோதோர்னின் 7 புள்ளிகள் மொஸ்ஸிடமோ வான்வோல் தொழிலாளரிடமோ இருந்தவையல்ல. அவர் செய்யாத குற்றமொன்றின் பேரில் அவை பறிக்கப்பட்டிருந்தன. குற்றம் நிகழவில்லை என்பதைக் கண்ணாற் கண்டவர் மொஸ். அவர் வாய்திறவாது இருந்திருப்பின், அந்த மௌனத்திலிருந்து விளையும் பட்டம் தொழிலாளரின் உழைப்பிலிருந்து விளைந்ததாகாது. நடுவரின் அறியாமையிலிருந்து விளைந்ததாகும். தொழிலாளரின் உழைப்புக்குச் செய்யும் மரியாதை, அவர்கள் கடைந்த காரால் வெல்வதேயொழிய எதிராளியின்மீது விழுந்த பொய்ப்பழியால் வெல்வதன்று. பெருந்தன்மை என்பது தன்னுடையதைக் கொடுத்தல். சாட்சியம் என்பது உள்ளதை உள்ளபடி சொல்லுதல். முன்னையதைச் செய்யாதவனை நாம் குறைகூற முடியாது. பின்னையதைச் செய்யாதவனைக் கூறலாம். மொஸ்ஸைப் பெருந்தன்மையாளர் என்று புகழ்பவர்கள் அறியாமலே அவர் செய்கையைச் சிறிதாக்குகின்றனர். செய்தாலும் செய்யாவிட்டாலும் சரி என்ற வகையிலே அதனை வைத்துவிடுகின்றனர். மொஸ்ஸோ பிற்காலத்தில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோதெல்லாம், அதனைப் பெரிய தியாகமாகப் பேசியதில்லை. செய்யவேண்டியதைச் செய்ததாகவே பேசினார்.

பெருந்தன்மைக்கு உதாரணம் வேண்டுமாயின் வேறிடத்தில் உண்டு. 1956 செப்ரெம்பரில், இத்தாலியின் மொன்சா நகரிலே, பெராரி அணியின் தலைமைச் சாரதி ஹுவான் மனுவல் பன்ஜியோவின் கார் பழுதுற்றது. அக்காலத்து விதி ஒரு சாரதியின் காரை இன்னொருவர் வாங்கி ஓட இடமளித்தது. அணியைச் சேர்ந்த இளைஞர் பீற்றர் கொலின்ஸ், தமக்கும் அவ்வாண்டின் பட்டம் கிட்டக்கூடிய வாய்ப்பு எஞ்சியிருந்தும், இறங்கித் தம் காரைப் பன்ஜியோவிடம் கொடுத்தார். பன்ஜியோ உலக வாகையரானார். இது கொடை, சந்தேகமில்லை. ஆனால் இதே போட்டியில், கொலின்ஸுக்கு முன்னர் லூயிஜி முசோ என்ற இத்தாலியச் சாரதியிடம் கார் கேட்கப்பட்டது. அவர் இறங்க மறுத்துவிட்டார். கொலின்ஸைப் புகழும் நூல்கள் முசோவைத் தன்னலக்காரனாகக் காட்டுகின்றன. தன் தாய்நாட்டு மண்ணிலே தான் ஓடிக்கொண்டிருக்கும் பந்தயத்தைத் தானே ஓடி முடிக்க விரும்பிய ஒரு தொழிலாளியை இகழ்வதற்கு என்ன இருக்கிறது? கொடையைக் கடமையாக்கி, கொடுக்க மறுப்பவனைக் குற்றவாளியாக்குவது முதலாளிகளின் அணிகளுக்கு மிகவும் வாய்ப்பான அறம்.

கசபிளாங்காவின் இறுதிப் போட்டியிலும் இத்தகையதொன்று நடந்தது. மொஸ் வென்றாலும் ஹோதோர்ன் இரண்டாவதாக வந்தாற் பட்டம் ஹோதோர்னுடையது. அவருக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தவர் அவரது பெராரி அணியின் பில் ஹில். ஹில் வேகந்தணிந்து வழிவிட்டார். ஆகவே அந்த ஒற்றைப் புள்ளியின் உள்ளே மொஸ்ஸின் சாட்சியமும் இருக்கிறது. ஹில்லின் கீழ்ப்படிவும் இருக்கிறது. இருவருள் யார் சிறந்த சாரதி என்று நிறுப்பவர்களின் தராசில் ஹில் ஏறுவதில்லை.

அந்தத் தராசில் ஏறாதவர்கள் இன்னுஞ் சிலர் உளர். மேலே பெயர் கூறிய முசோ, 1958 யூலை 6ஆம் திகதி பிரான்சின் றைம்ஸ் நகரிலே, முன்னே சென்ற ஹோதோர்னைத் துரத்துகையில் விபத்துற்று இறந்தார். ஹோதோர்ன் அவ்வாண்டு வென்ற ஒரேயொரு போட்டி அதுவே. கொலின்ஸ் ஓகஸ்ட் 3ஆம் திகதி ஜெர்மனியின் நூர்பூர்க்ரிங்கில் இறந்தார், வயது 26. அவரது கார் தூக்கியெறியப்படுவதைப் பின்னாலிருந்து கண்டவர், அவரது நெருங்கிய நண்பரான ஹோதோர்ன். மூன்று வாரங்களின் பின்னர் போர்ட்டோவிலே நடைபாதையில் தனியே காரைத் தள்ளியவர் அந்த ஹோதோர்ன்தான். புள்ளிகள் கணக்கிற் சேர்க்கப்பட்ட இந்தியானாபொலிஸ் போட்டியில் பற் ஓ'கொனர் மே மாதத்திலேயே மாண்டிருந்தார். கசபிளாங்காவில், மொஸ்ஸின் வான்வோல் அணியைச் சேர்ந்த ஸ்ருவேட் லூயிஸ்-எவன்ஸின் இயந்திரம் இறுகி, கார் தீப்பற்றியது. அவர் இங்கிலாந்துக்கு விமானத்திற் கொண்டுசெல்லப்பட்டு ஆறாம் நாள் இறந்தார்; வயது 28. ஒரு பட்டத்திற்காக ஓடிய ஓர் ஆண்டில் நால்வர். பட்டம் பெற்ற ஹோதோர்ன் இனி ஓடுவதில்லையென்று பந்தயத்தைக் கைவிட்டார். 1959 ஜனவரி 22ஆம் திகதி, இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகருக்கருகே சாதாரண தெருவொன்றிலே காரோட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். முப்பதாவது பிறந்தநாளை அவர் காணவில்லை.

இங்கேதான் போர்ட்டோவின் சாட்சியத்தின் பெருமையோடு அதன் எல்லையும் தெரிகின்றது. தன் எதிராளிமீது பொய்ப்பழி விழுவதைப் பொறாத மனச்சாட்சி, அதே எதிராளியும் தானும் தம் தோழரும் எரிந்து மடியும் நிலைமையை எவ்வாறு பொறுத்தது? நடைபாதையா பந்தயப் பாதையா என்று நுணுகி ஆராய்ந்த நடுவர் குழுவின்முன், பாதையோரத்து மரங்களையும் மின்கம்பங்களையும்பற்றிச் சாட்சி சொல்ல எவரும் எழவில்லை. அக்காலச் சாரதிகள் கோழைகளல்லர், மூடர்களுமல்லர். ஆபத்து இல்லாத பந்தயம் பந்தயமன்று என்பதை அவர்கள் உளமார நம்பினர். மொஸ்ஸும் அதனை ஒளிவுமறைவின்றிப் பேசியவரே. தனிமனிதனின் வீரமாக மரணத்தை உயர்த்தி வைத்தால், அதனைத் தடுக்கவேண்டிய செலவை எவனும் எவனிடமும் கேட்கமாட்டான். அந்த நம்பிக்கையால் அதிக இலாபம் அடைந்தவர்கள் காரில் ஏறாதவர்கள்.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. 1961ஆம் ஆண்டு சாரதிகள் தமக்கெனச் சங்கமொன்றை அமைத்தனர். அதன் முதற் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டவர் மொஸ். தற்செயல் என்று கூறுவோர் கூறட்டும். எதிராளியின் பக்கத்து உண்மையைச் சொல்லக்கூடியவன் என்று எல்லோராலும் அறியப்பட்ட ஒருவனையன்றி வேறு யாரைப் போட்டியாளர்கள் தம் தலைவனாக ஏற்பர்? மறுவருடமே குட்வூட்டில் நேர்ந்த விபத்து மொஸ்ஸின் பந்தய வாழ்வை முடித்தது. சங்கம் பிழைத்தது. 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையிலே, பெற்றோலில் தோய்ந்து காருக்குள் அகப்பட்டுக் கிடந்த ஜக்கி ஸ்ருவேட்டை வெளியே எடுத்தவர்கள் மருத்துவரோ பணியாளரோ அல்லர். அதே பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த கிரஹம் ஹில்லும் பொப் பொண்டுரன்டும். பார்வையாளர் ஒருவரிடம் இரவல் வாங்கிய சாவியால் அவர்கள் அவரை விடுவித்தனர். அதன்பின் ஸ்ருவேட் தொடங்கிய கிளர்ச்சியின் பயனாக, பாதையைத் திருத்தும்வரை ஓடமாட்டோம் என்று சாரதிகள் கூடிநின்றமையால் 1969ஆம் ஆண்டின் ஸ்பா போட்டி நடைபெறாமலே போயிற்று.

இன்றைய போட்டியாளர்களை அன்றையவர்களோடு ஒப்பிட்டு, அக்காலம் அறக்காலம், இக்காலம் மறக்காலம் என்று புலம்புவதை நான் ஏற்பதில்லை. 1990ஆம் ஆண்டு ஜப்பானின் சுசுக்காவிலே, முதல் வளைவில் அயர்ட்டன் செனா தம் காரை அலன் புறோஸ்ட்டின் காரோடு மோதவிட்டுப் பட்டத்தை உறுதிசெய்தார்; அது வேண்டுமென்றே செய்ததென்று மறுவருடம் தாமே ஒப்புக்கொண்டார். அதற்கு நேர்மாறாக, 1976இல் அதே ஜப்பானின் பூஜி மலையடிவாரத்தில், கொட்டும் மழையிலே இரண்டு சுற்றுகளோடு காரை நிறுத்தி இறங்கினார் நிக்கி லௌடா. மூன்று மாதங்களுக்கு முன் எரிந்த முகத்தோடு நின்ற அவர், உயிர் பட்டத்தினும் பெரிது என்றார். ஜேம்ஸ் ஹண்ட்டிடம் ஒரேயொரு புள்ளியால், 69க்கு 68 என்று, தோற்றார். மொஸ் எதிராளிக்காகச் சொன்ன உண்மையை லௌடா தமக்காகச் சொன்னார். இரண்டுக்கும் விலை அந்த ஒற்றைப் புள்ளிதான்.

அதே லௌடாவும் டிடியே பிரோனியும் முன்னின்று 1982 ஜனவரியில் ஒரு வேலைநிறுத்தத்தை நடத்தினர். இடம் தென்னாபிரிக்காவின் கியாலாமி. சாரதிகளை அணிகளோடு கட்டிப்போடும் புதிய உரிமப் பத்திரத்திற் கையொப்பமிட மறுத்து, ஒருவரையொருவர் முந்துவதே தொழிலானவர்கள் ஒரே பேருந்தில் ஏறிச் சென்று, விடுதியொன்றின் ஒரே மண்டபத்தில் மெத்தைகளை விரித்து இரவைக் கழித்தனர். எதிர்ப்பக்கத்தில் நின்ற அணி முதலாளிகளுள் முதன்மையானவர் பேர்னி எக்கிள்ஸ்டன். 1958இல் கசபிளாங்காவிலே எரிந்துபோன லூயிஸ்-எவன்ஸின் அலுவல்களைக் கவனித்துவந்த முகவர் அவரே. மறுநாள் முதலாளிகள் இறங்கிவந்தனர், போட்டி நடந்தது, பின்னர் சாரதிகளுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. வென்றவர் அந்த மண்டபத்தில் இரவைக் கழித்தவர்களுள் ஒருவரான புறோஸ்ட்.

அவர்கள் எதிர்த்தது தம் பத்திரத்தின் வாசகங்களை. அந்நாட்டிலே கறுப்பின மக்கள் எந்நேரமும் கையில் வைத்திருக்கவேண்டியிருந்த அனுமதிப் பத்திரத்தையன்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1985இல், அங்கு அவசரகால நிலை பிரகடனமாகியிருந்தபோது, தம் அரசின் வற்புறுத்தலால் ரெனோ, லிஜியே என்னும் இரு பிரெஞ்சு அணிகள் கியாலாமிக்குச் செல்லாது நின்றன. ஏனையோர் சென்றனர். புறோஸ்ட்டும் சென்றார்; மூன்றாவதாக வந்தார். அவ்வாண்டின் பட்டம் அதற்கு முந்திய போட்டியிலேயே அவருக்கு உறுதியாகியிருந்தது. இழப்பதற்கு ஒரு புள்ளிகூட அவருக்கு அங்கு இருக்கவில்லை.